பன்னிரண்டு கிலோ

"இதனால் சகல ஜனங்களுக்கும் அறிவிப்பது யாதெனில், இன்று முதல் இந்த வீட்டில் ராத்திரிச் சோறு ரத்து."

கருவடிக்குப்பத்து வீட்டின் அடுப்பங்கரை வாசலில் நின்று சக்கரபாணி இப்படிப் பிரகடனம் செய்தார். சகல ஜனங்கள் என்பது அவர் மனைவி தனக்கொடிதான். பூனையையும் சேர்த்தால் இரண்டு பேர். மேரி என்கிற புதுச்சேரி நகராட்சி ஆபீசில் தண்டோரா வாசகம் எழுதிப் பழகிய மனிதர். பிரெஞ்சுக் கொடியை இறக்கி மூன்று வருஷமாகியும் அவர் தன் தோரணையை இறக்கவில்லை.

தனக்கொடிக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில்தான் இரண்டு பேரும் டாக்டரிடம் போய் வந்திருந்தார்கள்.

போனது என்னவோ அவளுடைய முட்டி வலிக்குத்தான். வெள்ளைக்கார டாக்டர் அவளை எடை பார்த்தார். மெஷின் சும்மாதானே இருக்கிறது என்று சக்கரபாணியும் ஏறி நின்றார். முள் எண்பத்தொன்றில் நின்றது. பிறகு டாக்டர் பிரெஞ்சில் பத்து நிமிஷம் பொழிந்தார். அதில் தனக்கொடிக்குப் புரிந்தது 'மதாம்' என்ற ஒரு வார்த்தைதான். வெளியே வந்ததும் சக்கரபாணி மொழிபெயர்த்தார்.

"உன் முட்டிக்கு ஒண்ணும் பயமில்லையாம். என் நெஞ்சுதான் சரியில்லையாம். ஆறு மாசத்துல பன்னண்டு கிலோ எறக்கணும். இல்லன்னா தன்னைக் கேக்கக் கூடாதுன்னுட்டாரு."

"அப்ப ஏன் என்னையே பாத்துப் பேசினாரு?"

"ஆக்கிப் போடறவ நீதானே."

அதில் மறுக்க ஒன்றுமில்லை. சக்கரபாணி தெருமுனை திரும்புவதற்கு அரை நிமிஷம் முன்பே அவர் தொப்பை திரும்பிவிடும்.

தனக்கொடி ஒரு மாதிரியான பிறவி. மஞ்சள்காமாலையில் படுத்தபோது பத்தியக் கஞ்சியை ஒதுக்கிவிட்டு வஞ்சிரக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டவள். நான் இருந்து என்னத்த சாதிக்கப் போறேன் என்று கேட்பாள். அதே தனக்கொடி, புருஷனுக்குத் தலைவலி வந்தால் ஐந்து வெள்ளிக்கிழமை பட்டினி கிடப்பாள். பிள்ளை இல்லாத வீட்டில் அவளுக்கு அவர் ஒருத்தர்தான்.

அவர் ராத்திரியில் கேழ்வரகுக் கஞ்சியும் கொள்ளு ரசமுமாக உட்கார்ந்தபோது, அவளுக்கு மட்டும் எப்படிச் சோறு இறங்கும்? அவளும் கஞ்சியே குடித்தாள். விடியற்காலையில் அவர் கடற்கரைவரை நடந்தார். தனியே விட்டால் காப்பி கிளப்புக்குள் நுழைந்துவிடுவார் என்று அவளும் முட்டியைத் தேய்த்துக்கொண்டு கூடவே நடந்தாள். மருந்துக் கடையிலிருந்து ஒரு டப்பாவில் பொடி வந்தது. கரைத்தால் வேப்பெண்ணெய் தேவலை.

"புது மருந்து. எப்படி இருக்குமோ. நீ முதல்ல குடி, பாக்கலாம்" என்றார்.

அவள் யோசிக்காமல் குடித்தாள். மறுநாளும் அவள்தான் முதலில். அவர் தன் தம்ளரை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விடுவார். சூரியனைப் பார்த்துக் குடித்தால்தான் பலிக்குமாம். அந்த வருஷம் கிணற்றடி வாழை தளதளவென்று வளர்ந்தது.

நாலு மாதம் போயிற்று. எதிர்வீட்டு அஞ்சலாட்சி ஒருநாள் தனக்கொடியை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன தனம், பாதி ஆளாயிட்ட?"

"அவரு பத்தியத்துல இருக்காரு."

"பத்தியம் அவருக்கு. ரவிக்கை தொளதொளன்னு ஆவறது உனக்கா?"

வேடிக்கைக்குச் சொன்னதுதான். ஆனால் தனக்கொடிக்கு அன்றுதான் உறைத்தது: அவர் தொப்பை ஒரு அங்குலமும் அசையவில்லை. சாயங்காலம் நாலு மணிக்குப் பேப்பர் படிக்கிறேன் என்று யாகூப் பாயின் ரொட்டிக் கடைக்குப் போகிற மனுஷர், திரும்பி வரும்போது மீசையில் ரொட்டித் தூளோடு வந்தார்.

அவள் திட்டவில்லை. முந்தானையால் அந்தத் தூளைத் தட்டிவிட்டாள்.

"நீங்க போயிட்டா நான் யாருக்குங்க கஞ்சி காச்சறது?"

எதற்கும் ஒரு பிரசங்கம் வைத்திருக்கும் சக்கரபாணி மறுநாள் காலையில் வழக்கத்தைவிட ஒரு மைல் கூடுதலாக நடந்தார், அவளையும் கூட்டிக்கொண்டு.

ஆறாம் மாதம் டாக்டர் வீட்டுக்குப் போனார்கள். வெள்ளைக்காரர் கப்பலேறிப் போய்விட்டிருந்தார். வாசல் பலகையில் உள்ளூர்த் தமிழர் ஒருவர் பெயர் இருந்தது. அதைப் படித்ததும் சக்கரபாணிக்கு மேரியில் அவசர வேலை ஞாபகம் வந்தது, நாளைக்கு வரலாம் என்றார். தனக்கொடி அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள். இன்றைக்கு விட்டால் இந்த மனுஷர் பிடிபட மாட்டார்.

புது டாக்டர் பழைய சீட்டைத் தேடி எடுத்தார். அவளை மெஷினில் ஏறச் சொன்னார். அவள் ஏறி நின்றபடியே கேட்டாள்.

"எனக்கென்னங்க, நான் நல்லாத்தான் இருக்கேன். இவரு நெஞ்சு எப்படி இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க."

"இவர் பேர்ல இங்க சீட்டே இல்லையேம்மா." டாக்டர் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். "உங்களுக்குத்தான் நெஞ்சு பலவீனம், ஆறு மாசத்துல பன்னண்டு கிலோ குறையணும்னு பிரெஞ்சுல எழுதியிருக்கார். பதிமூணு குறைஞ்சிருக்கீங்க. இனிமே பயமில்லை."

தனக்கொடி மெஷினை விட்டு இறங்காமல் புருஷனைப் பார்த்தாள். அவர் சுவர்க் காலண்டரை வெகு கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"உனக்குன்னு சொல்லியிருந்தா நீ கேட்டிருப்பியா?" என்று காலண்டரைக் கேட்டார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கி, அவரை மெஷினில் ஏற்றினாள்.

இந்தத் தடவை முள் எண்பத்தைந்தில் நின்றது.