கைக்குத் தெரிந்த முகம்

சுன்னாகத்தில் தறி வைத்திருந்த உதயகலா, பாவு நூல்களை இழுத்தும் தளர்த்தியும் துணியிலேயே முகங்களைப் புடைத்தெழச் செய்வாள். தொட்டாலே ஆளைத் தெரியும். அதைக் கேள்விப்பட்டுத்தான் கண் தெரியாத கனகாம்பிகை வல்வெட்டித்துறையிலிருந்து ஓட்டோவில் வந்திருந்தாள்.

“படம் இருக்கோ அம்மா?”

“இல்லைப் பிள்ளை. என்ரை கைக்குத்தான் அந்த முகம் தெரியும். அவனைத் தேடாத இடமில்லை.”

மகனைத் தொலைத்த தாய் என்று உதயகலாவுக்கு விளங்கியது. மேற்கொண்டு கேட்க மனம் வரவில்லை.

கனகாம்பிகை சொல்லச் சொல்ல நூல்களை இழுத்தாள். வளைந்த மூக்கு எழுந்தது. தாடையில் குழி விழுந்தது. இடது காதின் நுனி பிளந்தது.

உதயகலாவின் கை நின்றது. தனக்கென்று யாருமே இல்லை என்று சொல்லி அவளைக் கட்டிய பிரகலாதனின் முகம் அது. அவளுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது.

“இஞ்சை ஒருக்கால் வாங்கோப்பா,” என்று வீட்டின் பின்வளவில் நின்ற கணவனைக் கூப்பிட்டாள்.

“வாறன்.”

கனகாம்பிகை துணியைத் தடவினாள். பிளந்த காது நுனியில் விரலை வைத்து அழுத்தினாள்.

“ஓம், இவன்தான்.”

“உங்கடை மகன் உயிரோடைதான் இருக்கிறார் அம்மா.”

“என்ரை மகனோ? அவன்ரை கழுத்தை நெரிச்சுச் சாகடிச்சவன் பிள்ளை இவன். தடுக்கப் போன என்ரை கையிலை அம்பிட்டது இந்த முகம்தான்.”

உதயகலா வாயைத் திறப்பதற்குள் பின்கதவு திறந்தது.

“ஆரப்பா வந்திருக்கினம்?” என்று கேட்டபடி பிரகலாதன் உள்ளே வந்தான்.