பன்னிரண்டு மணி வெயில்

"யோவ், வெயிலைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பு. மூக்கோட நிழல் வாய்ல விழுது" என்றாள் ஹிங்கே.

டௌவே மேசை விளக்கின் கழுத்தைப் பிடித்து வெயிலைத் திருப்பினார்.

தோள் தெரியும் பூப்போட்ட கவுனும் கறுப்புக் கண்ணாடியுமாக உட்கார்ந்திருந்தாள் ஹிங்கே. அதெல்லாம் இடுப்புக்கு மேலே. கீழே இரண்டு கம்பளிக் கால்சட்டை, மூன்று ஜோடி காலுறை. முதுகுக்குப் பின்னால் ஸ்பெயின் நாட்டு நீல வானம், அதாவது அவர்களுடைய படுக்கை விரிப்பு. சக்கரம் வைத்த வீடான அந்தக் கேரவனுக்கு வெளியே நெதர்லாந்தின் ட்ரெந்தே காடு, கணுக்கால் அளவு பனியோடு.

எதற்கு இந்தக் கூத்து என்கிறீர்களா? இவர்கள் மகள் ரென்ஸ்கேவுக்கு மூன்று பிள்ளைகள். டௌவே ஓய்வு பெற்ற முதல் வருஷம், குளிர்கால விடுமுறைக்கு மூன்றையும் இவர்களிடம் விட்டுவிட்டுப் போனாள். பத்தே நாள். பூனைக்கு மொட்டை, டிவிக்குள் தேன், டௌவேயின் பல்செட் மீன் தொட்டிக்குள்.

அடுத்த வருஷமே, "அம்மா முழங்காலுக்கு வெயில் வேணுமாம், டாக்டர் கண்டிப்பாச் சொல்லிட்டார்" என்று ஒரு புளுகை அவிழ்த்துவிட்டு, காருக்குப் பின்னால் கேரவனை மாட்டிக்கொண்டு கிழவனும் கிழவியும் ஸ்பெயினுக்கு ஓடினார்கள். அதிலிருந்து வருஷா வருஷம் இதே ஓட்டம்தான். இரண்டாயிரம் கிலோமீட்டர், டிக்கியில் சொந்த ஊர் உருளைக்கிழங்கு மூட்டையோடு.

இந்த வருஷம் நூறு கிலோமீட்டர்கூடத் தாண்டவில்லை, கேரவனின் அச்சு முறிந்துவிட்டது. புதிது வர ஐந்து வாரம் ஆகும் என்றார் மெக்கானிக். வீட்டுக்குத் திரும்பினால் சாயங்காலமே மூன்று பிசாசுகளும் வந்து இறங்கும். கேரவன்களை நிறுத்தித் தங்கும், ஈ காக்கை இல்லாத ஒரு முகாமில் வண்டியை இழுத்து நிறுத்தி, "இதுதாண்டி நமக்கு ஸ்பெயின்" என்று சொல்லிவிட்டார் டௌவே. விஷயம் மகளுக்குத் தெரிந்தால் இந்தக் குளிர்காலம் மட்டுமில்லை, இனி சாகும்வரை வருகிற எல்லாக் குளிர்காலமும் போச்சு.

புத்தாண்டுக்கு மறுநாள், திங்கட்கிழமை. பன்னிரண்டு அடிக்க மூன்று நிமிஷம் இருக்கும்போது, எதிர்பார்த்த வீடியோ கால் வந்தது. திரையில் ரென்ஸ்கே.

"என்னப்பா, மீசையெல்லாம் வெள்ளையா இருக்கு?"

புத்தாண்டுக்குப் பொரித்த உருண்டையில் ஐந்தாவதை அப்போதுதான் விழுங்கியிருந்தார். மீசை முழுக்கச் சர்க்கரைத் தூள்.

"சன் க்ரீம்மா. இங்க வெயில் பொளக்குது. தடவலேன்னா தோல் உரிஞ்சுடும்."

ஹிங்கே மேசைக்கடியில் அவர் காலை மிதித்தாள். ரொம்பப் பேசாதே என்று அர்த்தம்.

"நீ ஏண்டி கண்ணைச் சுருக்கிக்கிட்டு இருக்கே?" என்று பேச்சை மாற்றினாள்.

"பனி மேல வெளிச்சம் அடிக்குதும்மா, கண்ணு கூசுது. சரி, உங்க முகாம்ல உங்க இடத்துக்கு என்ன நம்பர்? ஒரு பார்சல் அனுப்பணும்."

"நாப்பத்தேழு" என்றார் டௌவே தயங்காமல். போன வருஷத்து நம்பர்தான். யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்?

"பசங்க எப்படிடி இருக்குதுங்க?"

"தாத்தா பாட்டியைப் பாக்கணும்னு ஒரே அழுகைம்மா. ராத்திரி சரியா தூங்கறதுகூட இல்லை."

ஹிங்கேவுக்கு மனசு கேட்கவில்லை. கறுப்புக் கண்ணாடிக்குள் கண் கலங்கிவிட்டது. "பாவம்டி, அடுத்த வருஷம் எங்ககூடவே கூட்டிட்டு..." என்று ஆரம்பித்தே விட்டாள்.

"ரெண்டாயிரம் கிலோமீட்டர்! பச்சைப் புள்ளைங்க தாங்குமா?" என்று குறுக்கே விழுந்தார் டௌவே. அவருக்கு வியர்த்தே விட்டது. அந்த ட்ரெந்தே குளிரில் அது பெரிய சாதனைதான்.

அப்போது ஊதியது சங்கு.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்கு, நெதர்லாந்து முழுக்க அபாயச் சங்கை ஊதிச் சோதித்துப் பார்ப்பார்கள். அந்த நாட்டில் பிறந்த எவனுக்கும் தூக்கத்தில்கூட அந்தச் சத்தம் தெரியும். இந்த முகாமின் சங்குக் கம்பமோ கேரவனுக்கு நேர் பின்னால் நின்றது. நீல வானமே ஆடியது.

ஹிங்கே கறுப்புக் கண்ணாடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஆனால் டௌவே யார்? முப்பத்தெட்டு வருஷம் பழைய கார் விற்ற ஆள். முகத்தில் ஒரு சுருக்கம் மாறவேண்டுமே!

"அடடே, இன்னிக்கு முதல் திங்கள் இல்ல? மறந்தே போச்சு!" என்று வாய்விட்டுச் சிரித்தார். "உங்க பக்கம் ஊதற சங்கு ஸ்பெயின் வரைக்கும் காதைக் கிழிக்குதேம்மா. முதல்ல அந்த ஜன்னலைச் சாத்து!"

மேசைக்கடியில் ஹிங்கே அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். கல்யாணமாகி நாற்பத்து மூன்று வருஷத்தில் இந்த மனுஷன்மேல் அவளுக்கு இவ்வளவு காதல் வந்ததே இல்லை.

ஒரு வழியாகச் சங்கு ஓய்ந்தது. ரென்ஸ்கே இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நம்ம ஊர்ச் சங்கு என் பக்கம் எப்படிப்பா ஊதும்? நாங்கதான் உங்களைப் பாக்க ஸ்பெயினுக்கு வந்துட்டோமே!"