ஹைஜியாவின் நிழல்

பேசக்கூடாது என்று ரிஸ்வானா கையைக் காட்டினாள்.

ஆசிப் பேசவில்லை. வாயைத் திறந்தால் நட்சத்திரம் கோபித்துக்கொள்ளுமோ என்று அவனுக்கே பயம்.

திண்டிவனத்துக்கு வெளியே, மல்லாட்டை என்கிற நிலக்கடலையைப் பிடுங்கிய ஒரு கொல்லையில் இருவரும் நின்றிருந்தார்கள். அப்போதுதான் இருட்டியிருந்தது. கோட்டக்குப்பத்திலிருந்து இவ்வளவு தூரமும் பைக்கின் பின்சீட்டில், தொலைநோக்கியைப் பச்சைப்பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

அவள் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியை. அவனுக்கு ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக் வேலை. லீவு முடிந்து நேற்றே விமானம் ஏறியிருக்க வேண்டியவன், இன்றைய மாலைக்காக டிக்கெட்டை மாற்றினான். நட்சத்திரம் அணையும்போது தன் பெண்டாட்டி துள்ளிக் குதிப்பதைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

விஷயம் இதுதான். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் ஹைஜியா என்று ஒரு சிறுகோள். சிறுகோள் என்று பெயர்தான். அகலம் விழுப்புரத்திலிருந்து நாகர்கோவில் வரை இருக்கும். அது இன்று ஒரு நட்சத்திரத்துக்குக் குறுக்கே போகிறது. அதன் நிழல் விழுகிற ஊர்களில் நட்சத்திரம் சில நொடிகள் காணாமல் போகும். ரிஸ்வானா இதற்காக வருடக்கணக்கில் காத்திருந்தாள்.

தொலைநோக்கியில் மாட்டியிருந்த ஆசிப்பின் செல்போனில் அந்த நட்சத்திரம் வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தது.

நேரம் வந்தது. புள்ளி அணையவில்லை.

நேரம் போய்விட்டது. புள்ளி அப்படியே இருந்தது.

எவ்வளவு படித்தவள், எவ்வளவு அலைந்தவள்! கொஞ்சமாவது ஈவிரக்கம் வேண்டாமா என்று அந்த நட்சத்திரத்தை ஆசிப் மனசுக்குள் திட்டித் தீர்த்தான்.

ரிஸ்வானாவின் போன் அடித்தது. அவளுடைய மாணவிகள். அணைந்தது மிஸ், அணைந்தது என்று அவர்கள் போட்ட கூச்சல் அவனுக்கே கேட்டது. எங்கிருந்து பார்த்தார்களாம்? கோட்டக்குப்பத்தில், ரிஸ்வானாவின் வீட்டு மொட்டைமாடியிலிருந்து.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையா இது? ஆசிப் அவளைப் பார்த்தான்.

அவளோ சிரித்துக்கொண்டிருந்தாள்.

“நிழல் நம்ம வீட்டோட சரி, இங்க வராதுன்னு தெரியும்ங்க. அணையுற எடத்துல நிக்க எல்லாரும் ரெடி. அணையாத எடத்துல ஒருத்தர் நின்னு பாத்தாதான நிழலோட ஓரம் எங்க, அந்தக் கோள் எவ்ளோ பெருசுன்னு சொல்ல முடியும்? வானம் பாக்குற எங்க குழுவுல யார் போறீங்கன்னு கேட்டாங்க. நான்தான் கை தூக்கினேன்.”

ஆசிப் தொலைநோக்கியை அவள் கையிலிருந்து வாங்கித் தானே மூட்டை கட்டினான்.

பைக்கை எடுப்பதற்குள் ஷார்ஜாவிலிருந்து அறைத்தோழன் கூப்பிட்டு, என்ன ஆச்சு என்று கேட்டான்.

“எங்களுக்கு அணையவே இல்ல மச்சான்!” என்றான் ஆசிப்.

இதற்கு ஏன் இவன் இப்படிப் பெருமையாகக் கத்துகிறான் என்று தோழனுக்கு விளங்கவில்லை.