மயிலம்மா கேட்ட கேள்விகள்

"சொல்லுங்கோ. தண்ணியில என்னென்ன இருக்கு?"

நமசிவாயம் வாயைத் திறந்தான். பேச்சு வரவில்லை, தலை மார்பில் சாய்ந்தது. மயிலம்மா கணவனின் கன்னத்தில் பளாரென்று அறைந்தாள்.

"ஹைட்ரஜன்... ஒக்சிஜன்..."

"எத்தினைக்கு எத்தினை?"

"ரெண்டுக்கு ஒண்டு. மயிலு, அஞ்சு நிமிசம் படுக்க விடு. கும்பிட்டுக் கேக்கிறன்."

"ஏலாது. எழும்புங்கோ, நடப்பம்."

அவன் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, அந்தச் சிறிய அறைக்குள் சுவருக்குச் சுவர் நடத்தினாள்.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தெட்டு; கொட்டாஞ்சேனையில் ஒரு மாடிவீட்டின் பின்னறை. நமசிவாயத்துக்குப் புறக்கோட்டை மருந்துக்கடை ஒன்றில் போத்தல் கழுவும் வேலை. மருந்து கலக்கும் வேலைக்குப் போவதென்றால் அரசாங்கப் பரீட்சையில் தேற வேண்டும். இரசாயனப் பாடத்தில் இரண்டு தடவை தவறிவிட்டான். மூன்றாவதும் கடைசியுமான தடவை, நாளை, திங்கட்கிழமை காலை.

இங்கிலீஷ் தெரியாத மனைவியும் கேள்வி கேட்கட்டும் என்று, பாடக் கொப்பி முழுவதையும் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தான். நாலு மாதமாகக் கேட்டுக் கேட்டு அவளுக்கு விடைகளும் மனப்பாடமாகிவிட்டன. அர்த்தம்தான் தெரியாது.

"அசிட் பட்டா லிட்மஸ் என்ன நிறமாகும்?"

"சிவப்பு."

"அசிட்டும் அல்கலியும் சேர்ந்தா?"

"உப்பு... தண்ணி..." அவன் கால் மடிந்தது.

தூக்கி நிறுத்தி, சீனி போடாத கடுங்கோப்பியை வாயில் ஊற்றினாள். பாதி சட்டையில் வழிந்தது. ஈரத்துணியால் முகத்தைத் துடைத்து, தாடையைப் பிடித்து நிமிர்த்திப் பார்த்தாள். வெயிலே எட்டிப் பார்க்காத அந்த அறையிலும் அவன் கண்மணிகள் கடுகளவாய்ச் சுருங்கிக் கிடந்தன. அவள் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

மத்தியானம் கதவு தட்டப்பட்டது. முன்வீட்டு றோஸி.

"மயிலம்மா, சோறு கொண்டந்திருக்கிறன். கதவைத் திற."

"வாசல்ல வையுங்கோ அக்கா. பிறகு எடுக்கிறன்."

"நான் பூசைக்குப் போயிட்டு வந்த நேரந்தொட்டு இதே சத்தம். அந்த மனுசனைக் கொஞ்சம் நித்திரை கொள்ள விடன். பாஸ் பண்ணாட்டி வேற வேலை பாக்கட்டும்."

"இண்டைக்கு நித்திரை கொண்டா எல்லாம் முடிஞ்சுபோம் அக்கா. நாலு மணிக்கு அவர் வாறனெண்டவர். அதுமட்டும் விடமாட்டன்."

"ஆர், படிப்பிக்கிறவரோ?"

மயிலம்மா திரும்பிப் பார்த்தாள். நமசிவாயம் சுவரோடு சரிந்து நிலத்தில் உட்கார்ந்துவிட்டான்.

"கார்பனுக்கு வேலன்ஸி எத்தினை?"

கையில் நுள்ளினாள். தோளைப் பிடித்து உலுக்கினாள். அவன் அசையவில்லை.

"கார்பனுக்கு எத்தினை? சொல்லடா! டேய், சொல்லடா!"

"ஐயோ மாதாவே, கட்டின புருசனை..." என்று கதவுக்கு வெளியே றோஸி பதறினாள். எட்டு வருஷத்தில் மயிலம்மா அவனைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என்ன சொல்கிறோம் என்று தெரியாமலே, "ரெண்டு... கார்பனுக்கு ரெண்டு" என்று உளறினாள்.

அவன் உதடு அசைந்தது. "பிழை... நாலு."

மயிலம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். "இல்லை, ரெண்டுதான். காத்து ஒரு கொம்பவுண்ட்."

"மிக்ஸ்சர்..."

"கொப்பர் சல்பேட் மஞ்சள்."

"நீலமடி, விசரி. நீலம்." அவனுக்குக் கோபமே வந்துவிட்டது. எத்தனை அடிக்கும் திறக்காத கண், ஒரு பிழையான விடைக்குத் திறந்தது.

கொப்பி முடிந்தது. முதல் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்கினாள், எல்லாவற்றையும் பிழையாகவே சொல்லிக்கொண்டு. அவன் ஒவ்வொன்றாகத் திருத்தினான். திருத்தத் தாமதித்தபோதெல்லாம் அறை விழுந்தது.

நாலு மணி அடித்தது. எவரும் வரவில்லை. நாலேகால். அவள் தொண்டை கட்டிப்போய், காற்றுத்தான் வந்தது. நாலரைக்குப் படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டதும் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

கோட்டும் கைப்பையுமாக ஒருவர் வியர்க்க வியர்க்க உள்ளே வந்தார். அவர் பின்னாலேயே றோஸியும் நுழைந்துவிட்டாள்.

"ஐயா, நீங்களாவது கேளுங்கோ. அடிக்கிறாள், நுள்ளுறாள், வாடா போடா எண்டுறாள். ஒரு சோதினைக்காக அந்த மனுசனைச் சாகக் கொல்லுறாள்!"

வந்தவர் காதில் வாங்கவில்லை. நமசிவாயத்தின் முன்னால் முழந்தாளிட்டு அவன் முகத்தையே உற்றுப் பார்த்தார். மணிக்கட்டைப் பிடித்தபடி கைக்கடிகாரத்தில் கண்ணை வைத்தார். மயிலம்மா கொப்பியை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"போதும் பிள்ளை" என்றார் கடைசியில். "இனி அவர் படுக்கலாம்."

மயிலம்மா நின்ற இடத்திலேயே சரிந்து உட்கார்ந்து, சத்தம் வராத தொண்டையால் அழுதாள்.

"அதைத்தானே நான் மத்தியானமே சொன்னனான்!" என்றாள் றோஸி.

டொக்டர் திரும்பிப் பார்த்தார்.

"வயித்தோட்டத்துக்குத் துளிக்கணக்கில குடிக்கிற அபின் மருந்தை, இவர் காலமை அளவு தெரியாமல் அரைப் போத்தல் குடிச்சிட்டார், அம்மா. நித்திரை கொள்ள விடாதை எண்டு நான்தான் இந்தப் பிள்ளைக்குச் சொல்லிட்டுப் போனனான். மத்தியானம் கண்ணை மூடியிருந்தா, பிறகு திறந்திருக்க மாட்டார்."