விரல் நீளக் குழாய்

"அந்த மெக்கானிக் உங்க தலையில நல்லா மிளகாய் அரைக்கிறாருங்க!"

அந்த வீட்டில் சனிக்கிழமை விடிவதே இப்படித்தான். கணவருடைய பழைய ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே சீட் உள்ள சிவப்பு வண்டி, வாசலில் பெட்ரோல் வாடையும் கறுப்புப் புகையுமாகக் குமுறிக்கொண்டிருக்கும். போன சனிக்கிழமை சரிசெய்த அதே கோளாறு.

"அவர் மேல தப்பில்லம்மா. ஃப்யூயல் பிரஷர் ரெகுலேட்டர்னு ஒண்ணு இருக்கு. பம்ப் தள்ளிவிடுற பெட்ரோல் அத்தனையும் போனா இன்ஜின் தாங்காது. வேணுங்கிறதை விட்டுட்டு, மிச்சத்தை அது டேங்குக்கே திருப்பி அனுப்பிடும்."

"இந்த வீட்ல நான் பண்ற வேலை."

"அதோட தலையில விரல் நீளத்துக்கு ஒரு சின்னக் குழாய். இன்ஜின் சும்மா நிக்குதா, பாய்ஞ்சு ஓடுதான்னு அதுதான் ரெகுலேட்டருக்குச் சொல்லும். அது கழண்டுட்டா..."

"ஒரு குழாயை ஒழுங்கா மாட்டத் தெரியாதவருக்குப் பேரு மெக்கானிக்கா? இன்னிக்கு நானும் வர்றேன். நறுக்குன்னு நாலு வார்த்தை கேக்குறேன்."

தரையோடு தரையாக இருந்த சீட்டில் ஒருவழியாக உட்கார்ந்தாள். வழியெல்லாம் பேசினாள். அவர் 'ம்' கொட்டிக்கொண்டே ஓட்டினார்.

ஒர்க் ஷாப்பில் வேறு வண்டியே இல்லை. கணவர் டீ வாங்கப் போன நேரம் பார்த்து மெக்கானிக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் அண்ணே, வாராவாரம் அதே குழாய் எப்படிக் கழலும்?"

மெக்கானிக் அந்தச் சிவப்பு வண்டியின் டேஷ்போர்டு பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு கைப்பிடி குட்டிக் கிளிப்புகள்.

"நான் கிளிப் போட்டு இறுக்கித்தான் அனுப்புறேன் தங்கச்சி. உங்க வீட்டுக்காரர்தான் கழட்டிடுறாரு. எனக்கு முதல்லயே தெரியும். தெரியாத மாதிரி இருந்துட்டேன்."

"என்ன, பைத்தியமா அவருக்கு?"

"வீட்ல பேச்சுத்துணைக்கு ஆளில்லாம வர்றாரு, பாவம்."

அவளுக்குச் சுருக்கென்றது. "ஆளில்லையா? காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் நான் வாய் ஓயாம பேசிட்டுத்தானே இருக்கேன்!"

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டார். "அதேதான் தங்கச்சி."

திரும்பி வரும்போது அவள் வாயே திறக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு அமைதியை அவர் பார்த்ததில்லை. விஷயம் தெரிந்துவிட்டது என்று நினைத்துத் தானாகவே கக்கிவிட்டார்.

"ஆமாம்மா, நான்தான் கழட்டுறேன்! இப்போ எல்லாரும் கம்பெனி சர்வீசுக்குப் போயிடுறாங்க. மெக்கானிக் அண்ணன் காலி ஷெட்ல ஒத்தையா உட்கார்ந்திருக்காரு. சும்மா பார்க்கப் போனா, 'என்னைப் பார்த்துப் பரிதாபப்படுறியா'ன்னு விரட்டிடுவாரு. ரோசக்காரர். அவருக்கு ஒண்ணும் தெரியாது, நீ சொல்லிடாதே. இனிமே கழட்டல, போதுமா?"

நாக்கு நுனிவரை வந்ததை அவள் அப்படியே விழுங்கினாள். இவர் அவருக்காகப் பாவப்படுகிறார், அவர் இவருக்காகப் பாவப்படுகிறார். இதில் திருடனைப் பிடிக்கப் போன தன்னை நினைத்தால்தான் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. போக ஒரு சாக்கும் இல்லை. கணவர் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, அதைப் படிக்காமல், முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்.

திடீரென்று வாசலில் இன்ஜின் குமுறும் சத்தம். எட்டிப் பார்த்தால் கறுப்புப் புகை.

பதறியடித்து ஓடினார். "ஐயோ, சத்தியமா இந்தத் தடவை நான் கழட்டலம்மா!"

"தெரியும்," என்றாள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தவள். மூக்கு நுனியில் கிரீஸ். விரித்த உள்ளங்கையில் ஒரு குட்டிக் கிளிப். "ஏறுங்க. அந்தக் குழாய் கழண்டுட்டா என்ன ஆகும்னு போன வாரம் சொல்ல வந்தீங்களே... போற வழியில சொல்லுங்க. நான் கேக்குறேன்."