கண்ணாடியின் இந்தப் பக்கம்

எரிமலை வாயைப் பார்த்து நிற்கும் கேமராவை யாரோ தினமும் துடைத்துக்கொண்டிருந்தார்கள். மாலையில் சாம்பல் மூடிய கண்ணாடி காலையில் பளிச்சென்று இருக்கும். மலையில் இருந்த எல்லோரையும் எப்போதோ இறக்கியாயிற்று. வெகுதொலைவில், கண்காணிப்பு அறையில் திரை முன்னால் உட்கார்ந்திருந்த தாட்சாயணி ஒருநாள் ஆளைப் பார்த்துவிட்டாள். ஆடுகளை விட்டுவர மனமில்லாமல் தங்கிவிட்டவர். தலைத்துண்டால் துடைத்துவிட்டு, கேமராவுக்குள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

கேமராக் கம்பத்தில் ஒலிபெருக்கியும் மைக்கும் இருந்தன. அதில் கெஞ்சினாள். “அண்ணே, கீழ இறங்கிருங்கண்ணே.”

“நான் போயிட்டா உனக்கு யாரும்மா தொடச்சு விடுவா? கண்ணு தெரியாம நீ என்ன பண்ணுவ?”

எரிமலை வாய் சிவந்துகொண்டே வந்த அன்று அவள் பொய் சொன்னாள். “கேமரா கெட்டுப்போச்சுண்ணே. எனக்கு இப்ப ஒண்ணுமே தெரியல. இனிமே தொடச்சுப் பிரயோசனமில்ல.”

“அப்பச் சரி” என்றார். யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில், அத்தனை நாள் வைத்திருந்த சிரிப்பை முகத்திலிருந்து இறக்கினார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்தார். மலையேறினாரா இறங்கினாரா என்பது கேமராவின் பார்வைக்குள் வரவில்லை.

மறுநாள் காலை திரை முழுக்கச் சாம்பல். துடைக்க யாரும் வரவில்லை. அவள் கேட்டதும் அதுதான். ஆனாலும் தாட்சாயணி துப்பட்டா நுனியால் திரையை இந்தப் பக்கமிருந்து துடைத்துக்கொண்டே இருந்தாள்.