கடிகாரத்துக்கு ஒரு கவர்

"இந்தக் கடிகாரத்துக்கு அழகா ஒரு கவர் போட்டு வைங்க. சுருக்கம் விழக் கூடாது."

சுவர்க் கடிகாரத்தை மேஜைமேல் வைத்துவிட்டு மேனேஜர் தன் அறைக்குப் போய்விட்டார். கவரக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கடிகாரத்தையே பார்த்தாள்.

அந்தப் பரிசுப் பொருள் கடையில் அவளுக்குப் பெயரே அதுதான். வாடிக்கையாளர்களுக்கு எல்லாமே கவர். பை கேட்கிறவரும் கவர் என்பார், பணம் வைக்க உறை கேட்கிறவரும் கவர் என்பார், பொம்மைக்குப் பூப்போட்ட காகிதம் சுற்றச் சொல்கிறவரும் கவர் என்பார். முகத்தைப் பார்த்தே எந்தக் கவர் என்று கண்டுபிடித்துவிடுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு.

ஆனால் மேனேஜர் கையில் கடிகாரம் வந்தால் கதையே வேறு. இந்தக் கடையில் ஓர் ஆளை வீட்டுக்கு அனுப்புவதென்றால் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். கடை மூடுகிற நேரத்தில் எல்லோரையும் நிற்கவைத்து, கைதட்டச் சொல்லி, கவர் போட்ட கடிகாரத்தை அந்த ஆளின் கையில் திணித்துவிடுவார்கள். வேலையைப் பிடுங்கிக்கொண்டு நேரம் பார்க்கக் கடிகாரம் கொடுக்கிற தர்மப் பிரபுக்கள். காவல்காரருக்கு அப்படித்தான் நடந்தது. பொம்மைப் பிரிவுப் பெண்ணுக்கும் அப்படித்தான். இரண்டுக்கும் கவர் போட்டவள் இவள்தான். இரண்டு முறையும் விஷயம் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தாள். பொம்மைப் பிரிவுப் பெண் அழுதுகொண்டே படியிறங்கியதை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்காது.

இந்த முறை யாருக்கு என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. தானே பில் போட்டுக்கொள்ளும் மெஷின் ஒன்றைப் போன வாரம்தான் வாசலருகே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். அப்படியானால் பக்கத்து மேஜையில் பில் போடுகிறவள்தான். பாவம், அவள் வீட்டுக்காரர் கால் உடைந்து படுத்திருக்கிறார், வீட்டில் இரண்டு பிள்ளைகள். கூடப் பிறக்காத குறைதான், தினமும் ஒரே டப்பாவில் சாப்பிடுகிறவர்கள்.

தன்னைப் பற்றிக் கவரக்காவுக்குக் கவலையே எழவில்லை. கவர் போட இன்னும் மெஷின் வரவில்லையே.

காகிதத்தை வெட்டினாள், மடித்தாள், ஒட்டினாள். கை வேலை செய்ததே தவிர மனசு கேட்கவில்லை. சொன்னது வெளியே தெரிந்தால் தன் சீட்டும் கிழியும் என்று அவளுக்குத் தெரியும். போனால் போகட்டும் என்று பில்காரியைச் சரக்கு அறைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய் விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டாள்.

பில்காரி அப்படியே அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். மருந்துக்கு என்ன செய்வேன், பள்ளிக்கூடத்துக்கு என்ன செய்வேன் என்று ஒரே புலம்பல். கவரக்காவுக்குக் கோபமே வந்தது.

"அழுது ஆகப்போறது ஒண்ணுமில்லடி. இப்பவே உள்ள போ. மானம் மரியாதை எல்லாம் பாக்காத. எந்த வேலையா இருந்தாலும் செய்யறேன்னு சொல்லு. எப்பாடு பட்டாவது உன் இடத்தைப் பிடிச்சுக்கோ."

"அவர் ஒத்துக்குவாராக்கா?"

"ஒத்துக்கிற மாதிரி பேசு."

பில்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். போனவள் வருகிற வழியாகக் காணோம். வெளியே கவரக்கா ஒரு கண்ணாடி ஜாடிக்குத் தப்பான காகிதத்தைச் சுற்றி, பிரித்து, மறுபடியும் சுற்றினாள்.

கடைசியில் கதவு திறந்தது. வேலைக்கு ஆபத்தில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு, பில்காரி தலையைக் குனிந்தபடி தன் மேஜைக்குப் போய்விட்டாள். பாவம், அழுத முகத்தைக் காட்டக் கூச்சப்படுகிறாள் என்று கவரக்கா நினைத்துக்கொண்டாள். சொந்தத் தங்கையைக் கரையேற்றிவிட்ட மாதிரி மனசு நிறைந்தது. பொம்மைப் பிரிவுப் பெண்ணுக்குச் செய்யாததை இவளுக்காவது செய்தோமே என்று இருந்தது.

மேனேஜர் வந்து கடிகாரத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். வேலை பிரமாதம் என்றார். அந்தத் தைரியத்தில் கவரக்கா கேட்டேவிட்டாள்.

"யாருக்கு சார் இது?"

"என் மச்சானுக்கு. புது வீட்டுக்குக் குடி போறான்."

கவரக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஒரு மச்சானின் சுவருக்காகவா இத்தனை கூத்து! யாருக்கும் வேலை போகவில்லை. அந்தப் பெண்ணை வேறு அநியாயத்துக்கு அழவிட்டாயிற்று.

இரண்டு எட்டு வைத்த மேனேஜர் நின்று திரும்பினார்.

"ஆளைக் குறைக்கிற எண்ணமே எனக்கு இருந்ததில்லம்மா. அந்த பில் போடுற பொண்ணுதான் வந்து, ஒரே சம்பளத்துல கவர் வேலையையும் சேர்த்துப் பாக்கறேன், தனியா ஒரு ஆள் எதுக்குன்னு கேட்டுது. நாளைக்கு வர்ற கடிகாரத்துக்கு அதுவே கவர் போட்டுடும், நீங்க சிரமப்பட வேண்டாம்."